சித்தி புடைத்த உளுந்து

போன வாரம் சென்னையில் இருக்கும் அத்தை மகன் வீடியோ காலில் வந்தான். பின்னால் சித்தி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "ரங்கூன்ல உளுந்தெல்லாம் கிடைக்குதா?" என்றான். தெரியாமல்தான் கேட்டான், பாவம். சித்தி முறத்தைக் கீழே வைக்காமலே, "உங்க ஊரு இட்லிக்கே இங்கேருந்துதானப்பா போகுது" என்றார்.

சித்தி சொன்னது நிஜம். இந்தியா வெளியே வாங்கும் உளுந்தில் பெரும்பகுதி பர்மா உளுந்துதான், இங்கே அதற்கு மட்பே என்று பெயர். 2021இல் இரண்டு அரசுகளும் போட்ட ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து என்று கணக்கு வைத்தார்கள்.

அன்று முழுக்க அவன் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. பர்மாத் தமிழர் என்றாலே எங்கோ மூலையில் ஒதுங்கி, மிச்சம் மீதியாய் இருப்பவர்கள் என்ற நினைப்பு ஊரில் பலருக்கு இருக்கிறது, நம் பிள்ளைகளிடமும் அது தொற்றிக்கொண்டுவிட்டது, அதுதான் எனக்கு வலிக்கிறது. இது மூலை இல்லை. நாலு திசையும் வந்து கூடிய சந்தி.

பழைய தலைநகரமான பகானுக்குப் போகிறவர்கள் கோபுரங்களோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அங்கே மியின்கபா பக்கம் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. மேலே ஒரு சமஸ்கிருதச் சுலோகம், அதன் கீழே தமிழ். மலைமண்டலத்து மகோதையர்பட்டினத்துக் குலசேகர நம்பி என்பவர், புக்கத்தில் இருந்த நானாதேசி விண்ணகரம் என்ற பெருமாள் கோயிலுக்கு ஒரு மண்டபமும், கதவும், எரிவதற்கு ஒரு விளக்கும் கொடுத்தார், அவ்வளவுதான் செய்தி. புக்கம் என்பது பகான். நானாதேசி என்றால் பல தேசத்து வணிகர்கள். கேரளக் கரையிலிருந்து ஒருவர் கடல் கடந்து, ஆற்றில் மேலேறி வந்து, பௌத்த அரசரின் தலைநகரில் பெருமாளுக்கு விளக்கு வைத்து, அதைத் தமிழில் எழுதியும் வைத்திருக்கிறார்! இதை முதன்முதலாகப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

பர்மியப் புத்தாண்டுத் திருவிழாவான திஞ்சானும் அப்படித்தான். நாம் சித்திரைக்கு மாங்காய் பச்சடி செய்யும் அதே நாட்களில் இங்கே தண்ணீர் ஊற்றி விளையாடுகிறார்களே, அந்தச் சொல்லே சங்கராந்திதான்.

சரி, பெருமை மட்டும் பேசினால் அது வரலாறு ஆகாது. ஐராவதி டெல்டாவைப் பற்றி நம் வீடுகளில் பாதிக் கதைதான் சொல்கிறார்கள். 1852க்குப் பிறகு வெள்ளைக்காரன் காட்டை அழித்து நெல் போடச் சொன்னான், 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்குப் போகும் வழி சுருங்கியது, அந்த நெல்லுக்கு முதல் போட்டது செட்டியார்களின் லேவாதேவி, அதை அறுத்து மில்லில் அரைத்துக் கப்பலில் ஏற்றியது நம்மைப் போன்றவர்களின் தாத்தாக்களும் தெலுங்குக்காரர்களும். உலகத்திலேயே அதிகம் அரிசி ஏற்றுமதி செய்த நாடு இதுதான். இலங்கை, மலேயா தோட்டங்களில் நம் சனம் தின்ற சோறு இங்கிருந்து போனது. 1942இல் ஜப்பான்காரன் வந்து அது நின்றுபோனதும் திருவிதாங்கூர் வரை பசி போய்ச் சேர்ந்தது.

ஆனால் 1930 வாக்கில் நெல் விலை சரிந்தபோது கடன் வாங்கிய பர்மிய விவசாயி என்ன ஆனான்? கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். அவர்கள் நிலத்தைத் தேடிப் போகவில்லை, கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்தது என்பார்கள். அது உண்மைதான். ஆனாலும் தான் உழுத வயலிலேயே குத்தகைக்காரனாக நின்றவனுக்கு அந்த நியாயம் எப்படிக் கேட்டிருக்கும்? அந்தக் காயம் தெரியாமல், பின்னால் நமக்கு நடந்தது ஏன் என்று பிள்ளைகளுக்குப் புரியாது. 1942இல் காட்டு வழி நடந்து செத்தவர்கள், 1964இல் அரசு கடைகளை எடுத்துக்கொண்டதில் கப்பல் ஏறியவர்கள், எல்லாம் அதே கதையின் அடுத்த பக்கங்கள். காயம் பட்டவர்கள் இரண்டு பக்கமும் உண்டு.

அப்படிப் போனவர்கள்தான் சென்னையில் பர்மா பஜாரை உண்டாக்கினார்கள். வடசென்னையில் வண்டிக்கடை அத்தோவை வரிசையில் நின்று தின்கிறார்களே, அது இங்கே நாங்கள் அத்தௌ என்று சொல்வது, கையால் பிசைந்தது என்று அர்த்தம். நூடுல்சில் புளித்தண்ணீர், வறுத்த கடலைமாவு, பூண்டெண்ணெய் விட்டு விரலாலேயே பிசைய வேண்டும், கரண்டி போட்டால் ருசி போய்விடும். அத்தை மகனுக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஆனால் சென்னைச் சாப்பாடு என்றே நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒரே ஒரு வேண்டுகோள். ரங்கூனோ மோல்மீனோ டெல்டாப் பக்கமோ, யார் வீட்டுப் பெட்டியிலாவது பழைய கிட்டங்கி (செட்டியார்கள் தொழில் நடத்திய இடம்) கணக்கு, கப்பல் டிக்கெட், ஊரிலிருந்து வந்த கடுதாசி இருந்தால் கரையான் தின்பதற்குள் போன்லயாவது படம் பிடித்து வையுங்கள். தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் எனக்கு அனுப்புங்கள், நான் உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன். எத்தனை பக்கம் இருந்தாலும் சரி.