சம்பளம் மட்டும்தான் பிரச்சினையா?
சம்பளத்தைக் கூட்டினால் தொழிலாளர்களின் அதிருப்தி தானாக அடங்கிவிடும் என்று இந்தக் கட்டுரையை எழுதியவர் சொல்லியிருப்பது பாதி உண்மைதான். புதுச்சேரி சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒரு பெரிய ஆலையில் ஒன்பது வருஷம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவன் நான். பக்கத்து மிஷினில் நிற்கும் நிரந்தர ஊழியருக்கு என்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் சம்பளம், அதைக்கூடப் பொறுத்துக்கொண்டோம். பொறுக்க முடியாதது ஓவர்டைம் கணக்கு. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. எங்கள் சம்பளச் சீட்டில் அந்தக் கட்டம் எப்போதும் காலி. மாதக் கடைசியில் சூப்பர்வைசர் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் கூப்பிட்டு, ஒற்றைக் கூலியை வெள்ளைக் கவரில் போட்டுக் கொடுப்பார். என்னோடு வேலை பார்த்தவருக்கு விரல் நசுங்கியபோது இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உதவித்தொகை சீட்டில் இருந்த தொகைக்குத்தான் வந்தது, கவர் பணம் கணக்கிலேயே இல்லை. ஹெச்.ஆரிடம் போனால் காண்ட்ராக்டரைக் கேள் என்பார்கள், அவரோ கம்பெனியைக் கேள் என்பார். காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் கம்பெனிதான் தர வேண்டும் என்று 1970ஆம் வருஷத்து ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் சொன்னது எங்களில் ஒருவருக்கும் அன்று தெரியாது. மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர், பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போகலாமே என்கிறார். நண்பரே, 1936 ஜூலை 30 அன்று உரிமை கேட்டுப் போராடிய மில் தொழிலாளர்கள் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்த ஊர் இந்தப் புதுச்சேரி. அவர்களும் வேறு வேலைக்குப் போயிருக்கலாம்.