ஒற்றை எழுத்து 'மா'

போன வாரம் மதுரை ஆனையூரில் ஒரு மளிகைக் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் வயதான ஒரு அம்மா. இலங்கைத் தமிழர் முகாமில் இருப்பவர், இங்கே வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. "தம்பி, கோதுமை மா ஒரு கிலோ தாங்கோ" என்றார். கடைப் பையன் வேலைக்குப் புதுசு. ஒரு நிமிஷம் முழித்துவிட்டு கோதுமை மாவுப் பாக்கெட்டை எடுத்து வைத்தான். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது இல்லை ராசா, வெள்ளை மா" என்றார். பையன் அரிசி மாவை எடுத்தான். அதுவும் இல்லை. கல்லாவில் இருந்த அண்ணன்தான் தலையைத் தூக்கி, "டேய், மைதாடா. அக்காவுக்கு மைதா குடு" என்றார்.

பின்னால் நின்ற ஒரு பொண்ணு, "மாவுன்னு கூடச் சொல்லத் தெரியல" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தது. அந்த அம்மா காதில் கட்டாயம் விழுந்திருக்கும். காசைக் கொடுத்து, பாக்கெட்டைப் பையில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் எனக்கு ஆறவில்லை. நான் தமிழ் படித்து, தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள். அங்கேயே சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

அந்த அம்மா பேசியது தப்பே இல்லை. இலங்கையில் மைதாவுக்குப் பெயரே கோதுமை மாதான். நாம் கோதுமை மாவு என்பதை அவர்கள் ஆட்டா மா என்பார்கள். அரிசி மா, உளுத்தம் மா, எல்லாமே மாதான். பழைய சொல்லும் அதுதான். பூவைப் பேச்சில் 'பூவு' என்கிறோமே, அதே மாதிரி நாம்தான் மாவுக்குப் பின்னால் ஒரு 'வு' சேர்த்துக்கொண்டோம். சிரித்த பொண்ணு வீட்டிலும் ஆடி மாதம் அம்மனுக்கு மாவிளக்கு எடுப்பார்கள், 'மாவுவிளக்கு' எடுக்க மாட்டார்கள். நல்ல நாளில் வாசலில் போடுவது மாக்கோலம். சாமி காரியத்தில் பத்திரமாக வைத்திருக்கிற சொல்லைக் கடையில் ஒருத்தர் சொன்னால் நமக்கு வேற்றூர்ப் பேச்சாகக் கேட்கிறது.

இதே வாரத்தில்தான் அந்த வாட்ஸ்அப் செய்தியும் வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். 'சீனத்தில் மா என்றால் குதிரை. தமிழிலும் மா என்றால் குதிரை. ஆகவே சீன மொழி தமிழிலிருந்து பிறந்தது.' என் மாணவர்களில் மூன்று பேர் அதை எனக்கே அனுப்பி, "உண்மையா மிஸ்?" என்று கேட்டார்கள். கேட்டதற்காகவே அவர்களைப் பாராட்டினேன். பதில் மட்டும் அவர்கள் எதிர்பார்த்தது இல்லை.

சீனத்தில் மா ஒரே ஒரு சொல் கிடையாது. தொனியை மாற்றினால் பொருள் மாறும். குரலை உயர்த்தி ஒரே மட்டத்தில் சொன்னால் அம்மா, கீழிருந்து மேலே ஏற்றினால் சணல், தாழ்த்தித் தூக்கினால் குதிரை, மேலிருந்து சட்டென்று இறக்கினால் திட்டுவது. தொனியே இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் வந்தால் அது கேள்வி. இதில் குதிரையை மட்டும் பிடித்துக்கொண்டு நாம் சொந்தம் கொண்டாடுகிறோம். தமிழில் மா என்பது முதலில் விலங்கு. "மாவும் மாக்களும் ஐயறிவினவே" என்கிறது தொல்காப்பியம். செய்யுளில் இடத்தைப் பார்த்து அது குதிரையாகும், யானையும் ஆகும். சீனத்துச் சொல்லோ குதிரை மட்டும்தான். பழஞ்சீனத்தில் அந்தச் சொல்லுக்குள் ஒரு ரகர ஒலியும் இருந்தது என்று மொழியியலார் மீட்டுக் காட்டியிருக்கிறார்கள். இன்று ஒன்றுபோலக் கேட்பது அன்று ஒன்றுபோலக் கேட்கவில்லை.

ஒலி ஒத்தால் போதும் என்றால், பிறகு எங்கேயும் நிற்க முடியாது. ஃபின்லாந்துக்காரருக்கு மா என்றால் நிலம், நாடு. நமக்கும் மா ஒரு நில அளவு. அங்கேயும் நாம் போய்க் குடியேறினோமா? இத்தாலியருக்கு 'ம' என்றால் 'ஆனால்'. ஹங்கேரியருக்கு 'இன்று'. காஜிமார் தெருவில் இருக்கும் என் தோழி அரபி படித்தவள். அதில் 'மா' என்றால் 'என்ன' என்றும் வரும், 'இல்லை' என்றும் வரும், ஒலி கொஞ்சம் நீண்டு தொண்டையில் முடிந்தால் தண்ணீர் என்பாள். வியட்நாமியத்தில் தொனிக்குத் தக்கபடி பேய், கல்லறை, நெல் நாற்று. உதட்டை மூடித் திறந்தால் வந்துவிடுகிற ஒலி இது. எல்லா மொழிக்காரரும் எதற்காவது எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சின்னச் சொல் என்றாலே இப்படித்தான், தற்செயலாக ஒத்துப்போக வாய்ப்பு ரொம்ப அதிகம்.

"அம்மா மட்டும் எல்லா மொழியிலும் மா என்று வருகிறதே?" என்று ஒரு பையன் மடக்கினான். நல்ல கேள்வி. ரோமான் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1960இல் இதைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார். பால் குடிக்கும் பிள்ளைக்கு வாய் நிறைந்திருக்கும்போது மூக்கு வழியாக வரக்கூடியது மகர முனகல்தான். பசித்தாலும் பிள்ளை அதையே எழுப்பும். அதைக் கேட்டு ஓடி வருகிறவள் அந்த ஒலியைத் தன் பெயராக எடுத்துக்கொள்கிறாள். ஆனால் ஜார்ஜிய மொழியில் 'மாமா' என்றால் அப்பா, அம்மாவுக்கு 'தேதா'. ஒலி எல்லாப் பிள்ளைக்கும் பொது. அதை யாருக்குச் சூட்டுவது என்பது அந்தந்த வீட்டு முடிவு.

நம் வீட்டு முடிவு இன்னும் விசேஷம். என் அப்பா என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. "என்னம்மா, சாப்பிட்டியாம்மா" என்றுதான். பெற்றவளைக் கூப்பிடுகிற சொல்லைப் பெற்ற பிள்ளைக்கே திருப்பிக் கொடுப்பார். மாட்டுத்தாவணி பஸ்ஸில் கண்டக்டர் "உள்ள போம்மா" என்று பள்ளிக்கூடப் பிள்ளையிடமும் சொல்வார், எழுபது வயதுப் பாட்டியிடமும் சொல்வார். அந்த ஒரு 'ம்மா'வில் கண்டிப்பும் இருக்கும், மரியாதையும் இருக்கும்.

உறவே கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. உறவு இருக்கிற இடம் வேறு, அதைக் காட்டுகிற வழியும் வேறு. மாமரம் மலையாளத்தில் 'மாவ்', கன்னடத்தில் 'மாவு'. இது ஒரே குடும்பம். எப்படித் தெரியும்? ஒரு சொல்லை மட்டும் பார்த்து இல்லை. நம் பால் கன்னடத்தில் ஹாலு, பத்து ஹத்து, பாம்பு ஹாவு, பல்லி ஹல்லி என்று வரிசையாக ஒரே விதியில் மாறி நிற்கிறது. கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளை ஒப்பிட்டுக் காட்டியதும் இப்படி ஒழுங்குகளைத் தேடித்தான். கடன் போன சொல்லுக்கும் தடயம் இருக்கிறது. மாங்காய், மலையாளத்தில் மாங்ஙா, போர்ச்சுகீசியர் வாயில் 'மங்கா'வாகி, ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. 1498க்குப் பிறகு அவர்கள் மலபார்க் கரையில் வந்து வாங்கி விற்றார்கள், தின்றார்கள், சொல்லையும் கொண்டு போனார்கள். உலகமே நம் பழத்தை நம் பெயரால் கூப்பிடுகிறது. இவ்வளவு கெட்டியான பெருமை கையில் இருக்கும்போது சீனக் குதிரை எதற்கு?

உண்மையான செல்வம் உள்ளே இருக்கிறது, அதைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட ஆசைப்படுகிறேன். ஓரெழுத்தில் பொருள் தரும் சொற்கள் 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. மகரத்தில் மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. அதில் மாவைப் பாருங்கள். மாம்பழம் என்று சொல்லும்போது நடுவில் ஒரு 'ம்' வருகிறது. மாக்கோலத்தில் 'க்' வருகிறது. மாபெரும் என்பதில் எதுவும் வரவில்லை. மரம், அரைத்த பொடி, பெரியது. மூன்றும் ஒரே எழுத்துத்தான், அடுத்த சொல்லோடு சேரும் விதத்திலேயே எது எது என்று காது பிரித்துக்கொள்கிறது. சீனர் தொனியால் செய்கிற வேலையை நாம் இங்கே புணர்ச்சியால் செய்கிறோம். இதை வகுப்பில் சொன்ன அன்று, புணர்ச்சி என்றாலே முகம் சுளிக்கிற பையன் ஒருத்தன் தானாக மாங்கொட்டை, மாந்தோப்பு, மாங்கன்று என்று அடுக்கிக்கொண்டே போனான்.

இன்னொரு மா கணக்கில் இருந்தது. இருபதில் ஒரு பங்கு ஒரு மா. அதில் பாதி அரைமா. பதினாறில் ஒரு பங்கு மாகாணி. நிலத்திலும் அதே கணக்குத்தான். இருபது மா சேர்ந்தால் ஒரு வேலி, ஆக ஒரு மா வேலியில் இருபதில் ஒரு பங்கு. தஞ்சாவூர்ப் பக்கம் நூறு குழி ஒரு மா, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 33 செண்ட். எண்சுவடி என்ற பழைய வாய்பாட்டுப் புத்தகம் படித்த பிள்ளைகள் இதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொன்னார்கள். அந்தப் பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்துவிட்டன. கணினிக்கு இப்போது தெரியும். என் வகுப்பில் முப்பது பிள்ளைகள், ஒருவருக்கும் தெரியவில்லை.

நேற்று அதே கடைக்குப் போனேன். அந்தப் பையன்தான் இருந்தான். கோதுமை மா என்றால் என்னவென்று அவனிடம் சொன்னேன். "அப்ப ஆட்டா மான்னா நம்ம கோதுமை மாவா அக்கா?" என்று அவனே பிடித்துக்கொண்டான். அந்த அம்மாவை இன்னும் பார்க்க முடியவில்லை. காலையில்தான் கடைக்கு வருவாராம், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். அவர் ஊரில் மா என்று இன்னும் எதையெல்லாம் சொல்வார்கள் என்று கேட்க வேண்டும்.

எங்கள் பக்கம் நிலத்துக்குக் குழி, செண்ட் என்றுதான் பேச்சு. உங்கள் ஊரில் பெரியவர்கள் வாயில் நில அளவாக மா இன்னும் இருந்தால், எந்த ஊர், ஒரு மாவுக்கு எத்தனை குழி என்று கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.