நான் அழவே இல்லை

"ஒரே டிப்ரஷன்பா" என்று நாம் எல்லாருமே சொல்லியிருப்போம். மேட்ச் தோற்றால் டிப்ரஷன், திங்கட்கிழமை வந்தால் டிப்ரஷன். நானும் சொன்ன ஆள்தான். அதனாலேயோ என்னவோ, நிஜமாகவே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. டிப்ரஷன் என்றால் உட்கார்ந்து அழுவார்கள் என்று நினைத்திருந்தேன். நான் அழவே இல்லை.

ஒரு நாள் காலையில் பிரஷில் பேஸ்ட் வைத்துவிட்டு வாஷ்பேசின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். கையை வாய்வரைக்கும் தூக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்கவில்லை. சோகம் இல்லை, யோசனைகூட இல்லை. கொஞ்ச நேரத்தில் பேஸ்ட் நழுவித் தொட்டியில் விழுந்தது. அதைப் பார்த்தேன். பிரஷை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு நானே வைத்துக்கொண்ட பெயர், சோம்பேறி. மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள் என்பதால் சந்தேகமே வரவில்லை.

இதில் நம் மொழிப் பழக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பேன். ஸ்ட்ரெஸ்ஸுக்கும் 'மன அழுத்தம்', டிப்ரஷனுக்கும் 'மன அழுத்தம்' என்றே எழுதித் தள்ளுகிறோம். அழுத்தம் என்றதும், மேலே ஏதோ பாரம் இருக்கிறது, இறக்கி வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றிவிடுகிறது. "ரெண்டு நாள் லீவு போட்டு எங்கேயாவது போயிட்டு வா" என்பது அங்கிருந்து வரும் யோசனைதான். போய்விட்டும் வந்தேன். போன இடத்திலும் படுத்துத்தான் கிடந்தேன். 'மனச்சோர்வு' என்பதுதான் சரியான சொல். சோர்வு என்ற பாதியை நாம் காதில் வாங்குவதே இல்லை.

மருத்துவர்கள் பார்க்கும் அறிகுறிகள் ஒன்பது. அவற்றில் 5 இருக்க வேண்டும், குறைந்தது 2 வாரமாவது ஏறக்குறைய தினமும் இருக்க வேண்டும். தூக்கம், பசி, களைப்பு, கவனம், உடம்பின் வேகம், குற்றவுணர்வு, சாவைப் பற்றிய நினைப்பு எல்லாம் அந்தப் பட்டியலில் வரும். ஆனால் இரண்டில் ஒன்று கட்டாயம்: மனம் தாழ்ந்து கிடப்பது, அல்லது எதிலுமே நாட்டம் இல்லாமல் போவது. அந்த 'அல்லது'தான் எனக்குத் தெரியாமல் இருந்தது. மனம் தாழாமல் நாட்டம் வற்றிப்போய், மற்ற அறிகுறிகளும் சேர்ந்தால் அதுவும் இந்த நோய்தான்.

"உனக்கு என்ன குறை?" என்று கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக் கிடந்தேன். பதில் கிடைக்காது. குறையே இல்லாமல் இப்படிக் கிடக்கிறோமே என்ற குற்றவுணர்வு இன்னும் ஏறும். சரி, அந்தக் குற்றவுணர்வும் அந்த ஒன்பதில் ஒன்றுதான் என்று யாராவது முன்பே சொல்லியிருக்கலாம்.

மருத்துவரிடம் போனபோது முதலில் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். மனசுக்கு எதற்கு ரத்தம் என்று எரிச்சலாக இருந்தது. தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், பி12 பற்றாக்குறை இருந்தாலும் ஆள் இதேபோல் ஓய்ந்துபோவானாம். எனக்கு அது எதுவும் இல்லை. 'மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனம் குறைந்துவிட்டது, மாத்திரை போட்டால் நிரம்பிவிடும்' என்ற கதையையும் அவர் சொல்லவில்லை. விஷயம் அவ்வளவு எளிதில்லையாம். பரம்பரை, இழப்பு, நீண்ட நோய், பிரசவம் என்று பல வாசல்கள். லேசான நிலை என்றால் பேச்சு சிகிச்சை மட்டுமே போதும் என்பார்கள்.

மாத்திரையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். குமட்டல், தலைவலி முதல் வாரத்திலேயே வரலாம். பலன் தெரிய சில வாரம் ஆகும். நடுவில் 'இது வேலைக்காகாது' என்று தூக்கிப் போடுபவர்கள் நிறைய. நானும் பத்தாவது நாள் நிறுத்தப் பார்த்தேன். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வார்கள். நிறுத்தும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக, மருத்துவர் சொல்கிறபடிதான்.

பேச்சு சிகிச்சையில் எனக்குப் பிடித்தது ஒன்று. 'மனசு வரலை' என்று நாம் எதையும் தள்ளிப் போடுவோம் இல்லையா, அதைத் தலைகீழாகத் திருப்புவார்கள். மனசு வரும்வரை காத்திருக்காதே, சின்னதாக ஒன்றைச் செய், மனசு பின்னால் வரட்டும். முதல் வாரம் எனக்குக் கொடுத்த வேலை ஜன்னலைத் திறப்பது. அதை எழுதும்போது இப்போதுகூடக் கூச்சமாக இருக்கிறது. அதிலும் மூன்று நாள்தான் திறந்தேன்.

ஆனால் இவ்வளவும் நடந்தது ஒரு நண்பனால். "பாசிட்டிவா யோசி" என்று அவன் சொல்லவில்லை. "செத்துடலாம்னு தோணுதாடா?" என்று நேரடியாகக் கேட்டான். அப்படிக் கேட்டால் இல்லாத நினைப்பை விதைத்த மாதிரி ஆகிவிடும் என்று பலருக்குப் பயம். ஆகாது. எனக்கு மூச்சு வந்தது போல இருந்தது. "சில நாள் தோணுது" என்றேன். அவன் பதறவில்லை, திட்டவில்லை, கூடவே இருந்தான். அப்பாயின்ட்மென்ட்டையும் அவனே போட்டான். காத்திருந்த நேரம் முழுக்க போனில் ஏதோ கேம் ஆடிக்கொண்டிருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. என் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டதும் முழங்கையால் இடித்து, "போ, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்றான்.