ஸ்கேன் நார்மல், சரி. டெஸ்ட் எங்கே?

போன வாரம் சித்தி ஒரு ஃபைலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். முழு உடல் பரிசோதனையாம், அதிலும் பெண்களுக்கான ஸ்பெஷல் பேக்கேஜாம். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு, வைட்டமின் டி, வயிற்று ஸ்கேன், போதாததற்கு சினைப்பைப் புற்றைத் தேட சி.ஏ. 125 என்று ஒரு ரத்தப் பரிசோதனை வேறு. கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "கர்ப்பப்பை வாய் டெஸ்ட் எங்கே சித்தி?" என்றேன். "அதான் ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு போட்டிருக்கே" என்றார். சித்திக்கு 52 வயது. இதுவரை ஒருமுறைகூட பாப் ஸ்மியர் எடுத்ததில்லை.

இந்த ஒரு குழப்பம்தான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் அளவு தெரியும், கட்டி தெரியும், சினைப்பையில் நீர்க்கட்டி இருந்தால் தெரியும். ஆனால் கர்ப்பப்பை வாயில் இருக்கும் செல்கள் புற்றை நோக்கி மெல்ல மாறிக்கொண்டிருப்பது அதில் தெரியாது. அதைப் பார்க்க அந்த இடத்திலிருந்தே செல்களை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும், அதுதான் பாப் ஸ்மியர். அல்லது அந்த மாற்றத்துக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று தேட வேண்டும், அது எச்.பி.வி. டெஸ்ட். ஸ்கேனிலேயே தெரியும் அளவுக்குப் புற்று வளர்ந்துவிட்டது என்றால் நாம் ரொம்பவே தாமதம்.

அப்புறம் அந்த சி.ஏ. 125. பேக்கேஜ்களில் இதைச் சேர்த்து விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் அதன் அளவு கூடும், கர்ப்பப்பையில் வரும் புற்றல்லாத கட்டியான ஃபைப்ராய்டு இருந்தாலும் கூடும், மாதவிலக்கு நாளில் ரத்தம் கொடுத்தாலே கூடலாம். மறுபக்கம், சினைப்பைப் புற்றின் ஆரம்பக் கட்டத்தில் நார்மலாகவே இருந்துவிடவும் செய்யும். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்துவிட்டு 2021-ல் முடிவை வெளியிட்டார்கள்: இந்த ரத்தப் பரிசோதனையையோ ஸ்கேனையோ வைத்து எல்லோரையும் சோதித்ததால் சினைப்பைப் புற்றால் இறப்பது குறையவில்லை. அறிகுறியோ குடும்பத்தில் அந்த நோயோ இருந்து டாக்டர் கேட்டால் அது வேறு விஷயம். சும்மா எடுத்துப் பார்ப்பதற்கான டெஸ்ட் இல்லை அது. சும்மா இருக்கும்போதே எடுக்க வேண்டிய டெஸ்டைத்தான் விட்டுவிட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதுதான்: 30 வயதிலிருந்து எச்.பி.வி. டெஸ்ட், 5 முதல் 10 வருடத்துக்கு ஒருமுறை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்தே, இன்னும் குறைந்த இடைவெளியில். பாப் ஸ்மியர் மட்டும் என்றால் பொதுவாக 3 வருடத்துக்கு ஒருமுறை. நாட்டுக்கு நாடு வயது கொஞ்சம் மாறும். எப்படிப் பார்த்தாலும் ஆயுளில் சில தடவைதான். எச்.பி.வி. தடுப்பூசி போட்டவர்களுக்கும் இந்த டெஸ்ட் உண்டு, ஏனென்றால் ஊசி எல்லா வகை எச்.பி.வி.யையும் தடுப்பதில்லை.

இதையெல்லாம், எச்.பி.வி. உறவின் மூலம் பரவுவது என்பதையும் சேர்த்துச் சொன்னதும் சித்தி கேட்டார், "சித்தப்பா போயி பத்து வருஷமாச்சு, எனக்கெதுக்குடி இது?" நல்ல கேள்வி. பல பெண்கள் மனதில் இருப்பது, வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். இந்த வைரஸ் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் சத்தமில்லாமல் தங்கிவிடும். அப்படித் தங்கி, செல்களை மாற்றி, புற்றாக முற்ற சாதாரணமாக 15, 20 வருடம்கூட ஆகும். தாம்பத்யம் நின்று பத்து வருடம் ஆனதால் கணக்கு முடிந்துவிடாது. அந்த 15, 20 வருட அவகாசம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பும். நடுவில் எப்போது கண்டுபிடித்தாலும், மாறிய பகுதியை மட்டும் உறைய வைத்தோ சுட்டோ வெட்டியோ எடுத்துவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதனால் சில வீடுகளில் சண்டையே நடக்கிறது. எச்.பி.வி. பாசிட்டிவ் என்று வந்தால் அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. அடுத்து கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கோல்போஸ்கோபி மாதிரி ஒரு சோதனை, அல்லது கொஞ்ச காலம் கழித்து மறுபடி டெஸ்ட், அவ்வளவுதான். யாரோ துரோகம் செய்தார்கள் என்றும் அர்த்தமில்லை. பல வருடம் உறங்கிக் கிடந்த வைரஸ் இன்று தலைகாட்டியிருக்கலாம், எப்போது யாரிடமிருந்து வந்தது என்று எந்த ரிப்போர்ட்டாலும் சொல்ல முடியாது. அதை வைத்துக் கணவனையோ மனைவியையோ கூண்டில் ஏற்றாதீர்கள்.

வலிக்குமா? என் கதையையே சொல்கிறேன். முதல் தடவை, உள்ளே விரித்துப் பார்க்க வைக்கும் ஸ்பெக்குலம் என்ற கருவியை வைத்ததும் நான் பதறினேன். அந்த டாக்டர், "இதுக்கே கத்தினா எப்படி? பிள்ளை பெத்தவதானே நீ?" என்றார். அதற்கப்புறம் ஆறு வருடம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஆறு வருடம்! தவறு என் பெயரில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவதாகப் பார்த்த டாக்டரம்மா ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் சொல்லிச் சொல்லிச் செய்தார், சின்ன அளவு ஸ்பெக்குலம் எடுத்தார், "நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடுவேன்" என்றார். சில நிமிடம், லேசான இழுப்பு மாதிரி ஒன்று, முடிந்தது. இதெல்லாம் நீங்களே கேட்கலாம். கூட ஒரு பெண் நிற்க வேண்டும் என்றும் கேட்கலாம். அதுவும் சங்கடம் என்றால் எச்.பி.வி. டெஸ்டுக்கு நாமே குச்சியால் மாதிரி எடுத்துத் தரும் முறையும் இருக்கிறது. பாப் ஸ்மியர் என்றால் மட்டும் மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள், முந்தைய இரண்டு நாள் உறவும் உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம்.

(அந்த 'பாப்', பாபநிகோலாவ் என்ற மருத்துவர் பெயரின் முதல் பகுதி. அவருடைய ஆராய்ச்சிக்கு இருபது வருடத்துக்கு மேல் தன் உடலிலிருந்து மாதிரி கொடுத்துக்கொண்டே இருந்தவர் அவர் மனைவி ஆண்ட்ரோமாகி. டெஸ்டுக்கு அந்த அம்மாவின் பெயரையும் சேர்த்து வைத்திருக்கலாம்.)

மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், உறவுக்குப் பின் ரத்தம் வந்தாலும், போன டெஸ்ட் நார்மல்தானே என்று உட்கார்ந்திருக்காதீர்கள். அது உடனே டாக்டரிடம் போக வேண்டிய விஷயம்.

சித்தி நேற்று அந்த பேக்கேஜ் விற்ற இடத்துக்கே போன் போட்டு, "கர்ப்பப்பை வாய் டெஸ்ட் ஏன் வைக்கலை? எச்.பி.வி. இருக்கா, பாப் இருக்கா?" என்று நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே கேட்டிருக்கிறார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். அப்புறம் அந்தப் பெண் சொன்னாளாம், "ஸ்கேன் இருக்கே மேடம்."