கோச்சை மாற்றிக்கொண்டே இருக்கிறோம், கோல் யார் அடிப்பது?

2025 நவம்பர் 18 இரவு, டாக்காவில் இந்திய ஆண்கள் கால்பந்து அணியின் ஆட்டம் முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நண்பர்கள் குழுவில் செய்திகள் கொட்ட ஆரம்பித்துவிட்டன. வங்கதேசத்திடம் 0-1. 2003-க்குப் பிறகு, 22 வருஷம் கழித்து, அவர்களிடம் ஒரு தோல்வி. 11-வது நிமிஷத்தில் மொர்சாலின் கோல் போட்டார். பதிலுக்கு ஒன்றே ஒன்று அடிக்க நமக்கு எண்பது நிமிஷம் இருந்தது. முடியவில்லை.

"கோச் காலித் ஜமீலை உடனே தூக்கணும்" என்று ஒருவன். "இதுக்கு முந்தைய கோச் மனோலோவே தேவலை" என்று இன்னொருவன். மூன்றாவது ஆள் அவருக்கும் முன்னால் கோச்சாக இருந்த ஸ்டிமாச் காலத்தை இழுத்தான், 2023-ல் மூணு கோப்பை ஜெயிச்சோமே என்று. ராத்திரி ரெண்டு மணி வரை இதே சண்டை. நானும் சண்டை போட்டேன். அப்புறம் தூக்கம் வராமல் ஒரு நோட்டை எடுத்து கடந்த இரண்டு வருஷக் கணக்கை எழுதிப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2024-ல் நம் ஆண்கள் அணி 11 ஆட்டம் ஆடியது. ஒரு வெற்றி கிடையாது. மொத்தம் 4 கோல். 2025-ல் டாக்கா ஆட்டம் வரை 11 ஆட்டம், 8 கோல். ஆக 22 ஆட்டத்தில் 12 கோல். மாலத்தீவையும் தஜிகிஸ்தானையும் நேரடியாக ஜெயித்தோம், ஓமனை பெனால்டி ஷூட்அவுட்டில் தாண்டினோம். அவ்வளவுதான் வெற்றிக் கணக்கு.

அந்த 12 கோலை அடித்தது யார் என்று பாருங்கள். சுனில் சேத்ரி 2, சாங்தே 2, ராகுல் பேகே 2. ஃபரூக் சௌத்ரி, லிஸ்டன், அன்வர் அலி, ஜிங்கன், உதாந்தா, ரஹீம் அலி ஆளுக்கு ஒன்று. இதில் பேகே, அன்வர், ஜிங்கன் மூவரும் டிஃபெண்டர்கள். அதாவது மூன்றில் ஒரு பங்கு கோல் தடுப்பாட்டக்காரர்கள் காலிலும் தலையிலும் வந்திருக்கிறது. தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணில் 2-1 என்று ஜெயித்ததைக் கொண்டாடினோமே, அந்த இரண்டு கோலுமே அன்வரும் ஜிங்கனும் அடித்தவை. சாங்தே, லிஸ்டன், உதாந்தா எல்லாம் ஓரத்தில் ஓடுகிறவர்கள். சேத்ரியின் இரண்டில் ஒன்று பெனால்டி, இன்னொன்று நாற்பது வயதில், ஓய்வை விட்டுத் திரும்பி வந்து அடித்தது. எதிரணியின் பாக்ஸுக்குள் நின்று கோல் போடுவதையே வேலையாக வைத்திருக்கும் ஒரு இளம் இந்தியன் இந்தப் பட்டியலில் எங்கே? ரஹீம் அலி ஒருவர். அதுவும் ஒரே ஒரு கோல், சிங்கப்பூரில், 90-வது நிமிஷத்தில்.

இந்த இரண்டு வருஷத்தில் கோச் நாற்காலியில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். குரோஷியாக்காரர் ஸ்டிமாச், ஸ்பெயின்காரர் மனோலோ, இந்தியர் ஜமீல். மூன்று பேரின் ஆட்ட முறையும் வேறு வேறு. கோல் வறட்சி மட்டும் மாறவே இல்லை.

மனோலோ மார்க்கெஸுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. 2025 மே மாதம் கிளப் அணிகளுக்கான சூப்பர் கப் இறுதியாட்டம் நினைவிருக்கிறதா? எஃப்சி கோவா ஜாம்ஷெட்பூரை 3-0 என்று அடித்தது. கோவா பக்கம் மனோலோ, ஜாம்ஷெட்பூர் பக்கம் காலித் ஜமீல். நாட்டின் கிளப் கால்பந்தில் அன்றைக்கு உச்சத்தில் நின்ற இரண்டு மூளைகள் அவை. அடுத்த மாதமே மனோலோவின் இந்திய அணி ஹாங்காங்கில் கடைசி நிமிஷ பெனால்டியில் தோற்றது. ஜூலை தொடக்கத்தில் அவர் விலகினார். ஆகஸ்டில் ஜமீல் வந்தார். அக்டோபரில் கோவாவின் மட்காவ்ன் ஃபதோர்தா மைதானத்தில் சிங்கப்பூரிடம் 1-2. 2027 ஆசியக் கோப்பைக் கனவு அங்கேயே முடிந்தது. கிளப்பில் கெட்டிக்காரர்களாக இருக்கும் இருவரும் நீல ஜெர்சி பக்கம் வந்ததும் தடுமாறுகிறார்கள் என்றால், கிளப்பில் அவர்களிடம் இருந்த எது இங்கே இல்லை?

பதில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிகிறது. நம் கிளப் லீக்கான ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஆட்டத்தில் ஒரு அணி ஒரே நேரத்தில் நான்கு வெளிநாட்டு வீரர்களைக் களமிறக்கலாம். அந்த நான்கு இடத்தில் ஒன்று ஏறக்குறைய எல்லா கிளப்பிலும் சென்டர் ஃபார்வர்டுக்கு, அதாவது நடுவில் நின்று கோல் போடும் ஆளுக்குப் போகிறது. கிளப்பைக் குறை சொல்லவும் முடியாது. மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றால் கோச்சின் வேலை போய்விடும், அவர் ஏன் இருபது வயதுப் பையனை நம்பி அந்த இடத்துக்கான ஒன்பதாம் நம்பரைக் கொடுக்கப் போகிறார்? 2024-25 சீசனில் அதிக கோல் அடித்தவர் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டின் மொராக்கோக்காரர் அஜராய், 23 கோல். இந்தியர்களில் முதலிடம் யார்? 14 கோலோடு சுனில் சேத்ரி. நாற்பது வயதில்!

சேத்ரியைத் திரும்பக் கூப்பிட்டது வெட்கக்கேடு என்று என் நண்பன் ஒருவன் ரொம்பக் கோபப்பட்டான். "ரிட்டயர் ஆனவரை மறுபடி கூப்பிடுறது பின்னாடி போறது இல்லையாடா?" என்றான். கோபம் நியாயம்தான். ஆனால் மனோலோ இடத்தில் நான் இருந்தால் நானும் கூப்பிட்டிருப்பேன். லீக்கில் அதிக கோல் அடித்த இந்தியனை விட்டுவிட்டு யாரை எடுப்பது? 2024 ஜூனில் கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் குவைத்துடன் 0-0 என்று முடிந்து, அவர் கண்கலங்கிக் கைகூப்பி வெளியேறிய அன்று நானும் அழுதவன்தான். இந்த மனுஷன் நிம்மதியாகப் போகட்டும் என்று நினைத்தேன். ஒன்பதே மாதத்தில் திரும்பி வரவைத்துவிட்டோம். அந்த நிலைமைக்கு ஒரு கோச்சை மட்டும் பொறுப்பாக்குவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

இன்னொரு வாதம், மனோலோ கோவாவையும் இந்தியாவையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டது. பகுதிநேரக் கோச் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடு. ஆனால் அதுவே தோல்விக்குக் காரணம் என்றால் ரஹீம் சாகிப்பை என்ன செய்வது? சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்கும் கோச், இந்திய அணிக்கும் கோச். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. 1962 ஜகார்த்தாவில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. தடுப்பாட்டக்காரரான அவரை ரஹீம் முன்னால் கொண்டுபோய் ஃபார்வர்டாக நிறுத்தினார். இறுதியாட்டத்தில் தென்கொரியாவை 2-1 என்று வீழ்த்தினோம், ஒரு கோல் பி.கே. பானர்ஜி, இன்னொன்று ஜர்னைல். டிஃபெண்டர் கோல் போட்ட கதை அன்றைக்கும் உண்டு. அன்று அது ஒரு கோச்சின் துணிச்சல். இன்று வேறு ஆள் இல்லாததால் கார்னரை நம்பிக் கிடக்கிறோம்.

ரஹீமிடம் இருந்த இன்னொன்று நேரம். கையில் இருக்கும் வீரர்களை நாள்கணக்கில் கூடவே வைத்துப் பழக்க முடிந்தது. ஸ்டிமாச் 2024 ஜனவரி ஆசியக் கோப்பைக்கு முன்னால் நான்கு வாரம் கேம்ப் கேட்டார். கிடைத்தது ஏறக்குறைய இரண்டு வாரம். ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் திரும்பினோம். ஜமீலுக்கு 2025 ஆகஸ்டில் முதல் கேம்ப். நாடுகளின் ஆட்டங்களுக்கு ஃபிஃபா ஒதுக்கும் தேதிகளுக்கு வெளியே என்பதால் வீரர்களை அனுப்ப கிளப்புக்குக் கட்டாயமில்லை, எல்லாரும் வந்து சேரவும் இல்லை. போதாக்குறைக்கு லீக் நடத்தும் உரிமை ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது என்று ஐஎஸ்எல் சீசனே அப்போது தொடங்கியிருக்கவில்லை. வாராவாரம் ஆட்டம் இல்லாத கால்களை டாக்காவுக்குக் கூட்டிப்போய் என்ன எதிர்பார்த்தோம்?

இதையெல்லாம் சொல்வதால் கோச்சுகளுக்கு மன்னிப்புச் சீட்டு கொடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். மட்காவ்னில் சாங்தே 14-வது நிமிஷத்திலேயே தூரத்திலிருந்து அருமையான கோல் போட்டுக் கொடுத்தார். சொந்த மண், முன்னிலை, ஜெயித்தே ஆகவேண்டிய ஆட்டம். அதற்குப் பிறகு பந்தை நம் வசம் வைத்திருக்கத் தெரியாமல் சிங்கப்பூருக்கு வழிவிட்டோம், சோங் உய்-யங் இரண்டு அடித்தார். அது ஜமீல் பதில் சொல்ல வேண்டிய ஆட்டம். 2024 மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் முன்னிலை எடுத்துத் தோற்றதற்கு ஸ்டிமாச் பதில் சொல்ல வேண்டியிருந்தது போல. அதே உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் தோஹாவில் கத்தார் அடித்த ஒரு கோல், பந்து எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போன பிறகு வந்தது, அது அநியாயம்தான். ஆனால் குவாஹாட்டியில் ஒழுங்காக ஆடியிருந்தால் தோஹாவுக்கு அந்த நெருக்கடியோடு போயிருக்க மாட்டோம்.

இங்கிலாந்தில் பிறந்து வங்கதேசத்துக்கு ஆடும் ஹம்சா சௌத்ரி மாதிரி நமக்கும் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுக்கலாமே என்று கேட்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை இல்லை. இந்திய பாஸ்போர்ட் இல்லாதவர் நமக்கு ஆட முடியாது. ஒன்றிரண்டு பேர் குடியுரிமையை மாற்றிக்கொண்டு வந்தால் இரு கை நீட்டி வரவேற்பேன். அதை நம்பி உட்கார முடியாது.

இந்தச் சண்டையில் யாருமே பேசாத ஒன்று நம் பெண்கள் அணி. 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று ஜெயித்து 2026 பெண்கள் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். தகுதிச் சுற்று வழியாகப் போவது இதுவே முதல் முறை. சங்கீதா பாஸ்ஃபோர் இரண்டு கோல். அந்தச் சுற்றில் நான்கு ஆட்டத்தில் 24 கோல். எதிரணிகளின் தரம் வேறு, ஒப்பிடக் கூடாது என்பீர்கள், சரி. அப்போதைய கோச் கிறிஸ்பின் சேத்ரியின் பெயர் நம் குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்?

எனக்கு வேண்டியது ஒன்றுதான். சூப்பர் கப்பை முழுக்க இந்திய வீரர்களை வைத்தே நடத்துங்கள். ஒரு போட்டியிலாவது ஒவ்வொரு கிளப்பும் ஒரு இந்தியனை ஒன்பதாம் நம்பரில் நிறுத்தியே ஆகவேண்டும் என்று வரட்டும். சொதப்புவான், கைக்கெட்டும் தூரத்தில் கோலைத் தவறவிடுவான், நாம் திட்டுவோம். அடுத்த ஆட்டத்திலும் அவனே நிற்கட்டும்.

அன்றிரவு கடைசியாக அந்தச் சேத்ரி விஷயத்தில் கோபப்பட்ட நண்பன் கேட்டான், "சரிடா, ஜமீலை விடு. அடுத்த ஆட்டத்துக்கு ஸ்ட்ரைக்கரா யாரைப் போடலாம், ஒரே ஒரு பேர் சொல்லு." ரொம்ப நேரம் யோசித்தேன். ஒரு பெயரை டைப் செய்தேன், அழித்தேன். இன்னொன்றைச் செய்தேன், அதையும் அழித்தேன். அவனுக்கு நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.