ஆமாம், அந்த டீச்சரம்மா நான்தான்

படகில் ஒரு பெண் சக பயணியைப் பார்த்துக் கத்தும் அந்த வீடியோவை இதுவரை பதினொரு பேர் எனக்கே அனுப்பிவிட்டீர்கள். சிவப்பு மழைக்கோட்டில் நின்று கத்துவது நான்தான். 'டீச்சரம்மா' என்று பெயர் வைத்த புண்ணியவானுக்கு ஒரு திருத்தம்: நான் வங்கியில் கணக்குப் பார்த்தவள்.

நடந்தது அலாஸ்காவில், ஐசி நீரிணையில். எழுபது பேர் போகும் சின்னக் கப்பல். அதிலிருந்து இறக்கிய ரப்பர் படகில் பத்துப் பேர். ஹம்ப்பேக் திமிங்கிலம் ஒன்று மேலே வந்தது. அங்கே சட்டப்படி 100 கெஜத்துக்குள் நெருங்கக் கூடாது. படகோட்டி இன்ஜினை அணைத்துவிட்டார். படகில் இருந்த பயணி ஒருவரோ (நம் நண்பர் என்றே வைத்துக்கொள்வோம்) "இன்னும் பக்கத்தில் போ" என்று அதட்டிவிட்டு, படகைப் படபடவென்று தட்டி அதைக் கூப்பிட்டார். நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போல! அதற்குப் பிறகுதான் நான் கத்தினேன். வீடியோ அங்கேதான் ஆரம்பிக்கிறது. வசதிதான்.

"ஆயிரக்கணக்கில் டாலர் கட்டியிருக்கிறார், பார்க்க வேண்டாமா?" என்கிறீர்கள். கட்டியது கப்பலுக்கு. திமிங்கிலம் யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை. குளிர்காலம் முழுக்க ஹவாய்ப் பக்கம் ஏறக்குறையப் பட்டினி கிடந்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி இங்கே சாப்பிட வருகிறது. சாப்பிட வந்ததைச் சாப்பிட விடுங்கள்.

நான் மட்டும் யோக்கியமா? இல்லை. முந்தைய நாள் கிளேசியர் பே என்ற பனியாற்று விரிகுடாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குடாவுக்குள் போக முடியாது என்றார்கள். ஜூனில் எந்தக் கப்பலுக்கும் அனுமதி இல்லை. எனக்கு வந்ததே கோபம்! இத்தனை தூரம் வந்து வாசலோடு திரும்புவதா என்று வழிகாட்டிப் பெண்ணிடம் முகத்தைத் தூக்கிக்கொண்டேன். என் பெண் வயதுதான் இருக்கும். பொறுமையாகச் சொன்னாள்: உள்ளே மிதக்கும் பனிக்கட்டிகள்மேல்தான் சீல்கள் குட்டி போடும். கப்பல் நெருங்கினால் தாய் தண்ணீரில் குதித்துவிடும், குட்டி தனியாகிவிடும். அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை. இரவுச் சாப்பாட்டின்போதுகூட அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வழிகாட்டிப் பெண்ணுக்கும் நம் நண்பர் விமர்சனத்தில் மூன்று நட்சத்திரம்தான் போட்டிருக்கிறார். 'காட்டுவதாகச் சொன்னதைக் காட்டவில்லை'யாம். 1794இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் ஆட்கள் போனபோது கிளேசியர் பே விரிகுடாவே ஏறக்குறைய இல்லை. வாயருகில் பனிச்சுவர்தான் நின்றது. 1916க்குள் அது 100 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. அப்படிப்பட்ட இடத்தில் நின்றுகொண்டு 'ஒன்றுமே இல்லை' என்கிறார்!

"நீங்களும் டீசலை எரித்துத்தானே போனீர்கள்?" சரி, எரித்துத்தான் போனேன். அதைத் தனியாகப் பேசுவோம். இப்போது பேச்சு படகைத் தட்டியதைப் பற்றி.

உண்மையில் வலித்தது வேறு. என் தம்பி மகனே சிரிப்புப் பொம்மை போட்டுப் பகிர்ந்திருக்கிறான். 'அத்தை ராக்ஸ்' என்று. பக்கத்து இருக்கை அம்மாள் கரைக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அது எந்த வீடியோவிலும் இல்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். சத்தத்தைக் கூட்டி வைத்துக் கடைசி சில வினாடிகளைக் கேளுங்கள். நான் கத்தி முடித்ததும் 'ப்ப்பூஃப்' என்று நீளமாக ஒன்று கேட்கும். திமிங்கிலம் மூச்சு விடுகிறது. அதன்மேலேயே நம் நண்பர் பேசுகிறார்: "எங்கே, ஒன்றையும் காணோமே?"