மிதிக்கக் கூடாத புல்

ஈ.சி.ஆரில் ஒரு நட்சத்திர ஓட்டல், சித்தப்பா மகன் ரிசப்ஷன். தோட்டம் பச்சைப் பசேல் என்று இருந்தது, சரி. ஆனால் கார் நிறுத்திய இடத்திலிருந்து மண்டபம் போவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வழியெல்லாம் பாம் மரம். ஒரு மரத்தடியில் ஒரு ஆள் நிற்க நிழல் இல்லை. அதுவும் ஒல்லியான ஆளாக இருக்க வேண்டும். ஒரு வேம்பு, ஒரு புங்கன் வைத்தால் நட்சத்திரம் உதிர்ந்துவிடுமா?

குறுக்கே போகலாமென்றால் 'புல்லை மிதிக்காதீர்' பலகை. மே மாதம், நாலு மணி வெயிலில் அந்தப் புல்லுக்குத் தெளிப்பான் சுற்றிச் சுற்றிப் பீய்ச்சுகிறது. பாதித் தண்ணீர் நடைபாதைக் கல்லுக்கு. கல்லில் விழுந்தது ஆவியாகப் போவதைக் கண்ணால் பார்த்தேன். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரியும் செம்பரம்பாக்கம் ஏரியும் வறண்டபோது, லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றவன் நான். எங்கள் முருங்கைக்கு அப்போது பாத்திரம் கழுவிய தண்ணீர்தான்.

"அதெல்லாம் சுத்திகரிச்ச கழிவுநீர்தான் மாமா, கவலைப்படாதீங்க" என்றான் அக்கா பையன்.

அதற்குள் அம்மாவின் பட்டுப்புடவைக் கொசுவம் முழுக்க நனைந்திருந்தது. கழிவுநீர் விஷயத்தை இதுவரை அவளிடம் சொல்லவில்லை.